நின்றுபோன ஊன ஓய்வூதியம்: மகளோடு சிங்கப்பூரில் வாழும் ஒரு முன்னாள் படைவீரரின் நிகழ்வு ஆய்வு

இங்கே எழுதியிருப்பது 2022 நடுப்பகுதியில் தொடங்கி 2024 தொடக்கம் வரை நடந்தவை. சம்பந்தப்பட்டவரின் சம்மதத்தோடு எழுதுகிறேன். அவர் பெயர், கிராமம், படைப்பிரிவு எதையும் தரவில்லை. தஞ்சை மாவட்டத்தில் முன்னாள் படைவீரர்களுக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுப்பது, ஆவணம் சரிபார்த்துத் தருவது போன்ற வேலைகளில் இருப்பதால் இந்தக் குடும்பம் என்னிடம் வந்தது. இவர்களுக்குப் பிறகும் பலர் அதே கேள்வியோடு வருகிறார்கள்: "பிள்ளையோட வெளிநாட்டுல போய் இருந்தா டிசபிலிட்டி பென்ஷன் நின்னுடுமா?" வெளிநாட்டில் வசிப்பது மட்டுமே காரணமாக அது நிற்காது. ஆனால் நின்றுபோக வேறு வழிகள் இருக்கின்றன. இவருக்கு நேர்ந்தது அதுதான்.

பின்னணி

ஒரத்தநாடு பக்கம், ஊரார் புது ஆறு என்று சொல்லும் கல்லணைக் கால்வாயின் பாசனத்தில் உள்ள கிராமம் அவருடையது. 1986இல் தரைப்படையில் சேர்ந்தார். உயரமான மலைக் காவல்நிலை ஒன்றில், குளிருக்கு எரிக்கும் மண்ணெண்ணெய்க் கணப்பு அடுப்பான புகாரியிலிருந்து பங்கருக்குள் தீப்பிடித்தது. உள்ளே இருந்த ஒருவரை வெளியே இழுக்கும்போது இவருடைய இரண்டு கைகளும் வெந்துவிட்டன. தோல் ஒட்டு அறுவை நடந்தது. விரல்கள் பாதிதான் மடங்கும். விரல் நுனிகளில் ரேகை என்று சொல்ல எதுவும் மிஞ்சவில்லை.

1999இல் மருத்துவக் குழு அவரைப் பணிக்குத் தகுதியற்றவர் என்று முடிவு செய்து வீட்டுக்கு அனுப்பியது. காயம் படைப்பணியால் நேர்ந்தது என்றும் ஊனம் 60 சதவீதம் என்றும் பதிவானது. அடுத்து நடந்த மறு மருத்துவக் குழு அதை நிரந்தரம் என்று உறுதி செய்தது. இப்படி மருத்துவக் காரணத்தால் 1996 ஜனவரி 1 முதல் அனுப்பப்பட்டவர்களுக்கு, 50 முதல் 75 வரையிலான ஊனம் 75 என்றே கணக்கில் கொள்ளப்படும். இவருக்கும் அப்படியே ஆயிற்று.

ஊன ஓய்வூதியத்தில் இரண்டு கூறுகள் உண்டு. ஒன்று பணிக்கூறு, மற்றது ஊனக்கூறு. சாதாரணமாக ஒரு ஜவானுக்கு ஓய்வூதியம் கிடைக்க 15 ஆண்டுப் பணி வேண்டும். இவருக்கு 13 ஆண்டுதான். ஆனாலும் பணியில் நேர்ந்த ஊனத்தால் அனுப்பப்பட்டதால் பணிக்கூறும் கிடைத்தது. குடும்பத்தில் யாருக்கும் இந்தப் பிரிவு தெரிந்திருக்கவில்லை. "மிலிட்டரி பென்ஷன்" என்ற ஒரே பெயர்தான் வீட்டில் புழங்கியது. பிற்பாடு வரி பற்றிய பேச்சு வந்தபோது இந்த அறியாமை வீண் பயத்தைக் கொடுத்தது.

2018 நவம்பர் 16ஆம் தேதி கஜா புயலில் அவருடைய தென்னந்தோப்பு ஏறக்குறைய முழுதும் சாய்ந்தது. பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு பக்கம் இருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. புதுக் கன்று வைத்தால் காய்க்க ஐந்தாறு வருடம் ஆகும். அதன்பின் ஓய்வூதியம்தான் வீட்டின் நிலையான வரவு. 2020இல் மனைவி இறந்தார். சட்டைப் பொத்தான் போடவே இன்னொருவர் கை வேண்டிய மனிதர் தனியாக எப்படி இருப்பார்? ஒரே மகள் சிங்கப்பூரில் நிரந்தரவாசி. அப்பாவுக்கு நீண்டகாலத் தங்கல் அனுமதி வாங்கி, 2022 ஜூனில் திருச்சியிலிருந்து அழைத்துக்கொண்டு போனார்.

புறப்பட்டபோது இருந்த நிலை

அதுவரை ஆண்டுதோறும் நவம்பரில், அடைமழையானாலும், வங்கிக் கிளைக்கு நேரில் போய் உயிர்வாழ் சான்றில் கையெழுத்துப் போட்டு வருவார். கிளையில் எல்லோருக்கும் அவரைத் தெரியும். ரேகைக் கருவியில் அவர் விரல் பதியாது என்றும் தெரியும். ஆகவே காகிதத்திலேயே முடித்துக் கொடுத்தார்கள். அந்த அனுசரணை நல்ல மனதோடு செய்யப்பட்டதுதான். ஆனால் அதனால், டிஜிட்டல் சான்று எடுக்க இவருக்கு வேறு என்ன வழி என்று யாரும் தேடிப் பார்க்கவில்லை.

வங்கியில் பதிந்திருந்த கைப்பேசி எண் மனைவியுடையது. அவர் இறந்தபின் ரீசார்ஜ் செய்யாமல் விட்டதில் அந்த எண் போய்விட்டது. ஏடிஎம் அட்டை ஊரில் தம்பியிடம் இருந்தது. நிலவரி, தோப்புச் செலவு, கோயில் வரி எல்லாம் அதிலிருந்து போகும், மீதி அண்ணன் பேரில் கிடக்கும் என்று ஏற்பாடு. வெளிநாடு போகும் செய்தியை வங்கியிடம் சொல்லவில்லை. சொன்னால் பென்ஷனை நிறுத்திவிடுவார்கள் என்று உறவினர் ஒருவர் பயமுறுத்தி வைத்திருந்தார்.

டிஸ்சார்ஜ் புத்தகம், ஓய்வூதிய ஆணையான பிபிஓ, மருத்துவக் குழு அறிக்கை மூன்றும் ஊர் வீட்டு டிரங்குப் பெட்டியிலேயே இருந்தன.

பணம் நின்றது

2023 தொடக்கத்தில் தம்பி ஏடிஎம்முக்குப் போனபோது ஓய்வூதியம் வரவு ஆகியிருக்கவில்லை. தாமதமாக வரும் என்று காத்திருந்தார்கள். அடுத்த மாதமும் வரவில்லை. கிளையில் கேட்டதற்கு, ஓய்வூதியத்தை இப்போது தாங்கள் பட்டுவாடா செய்வதில்லை, ஸ்பர்ஷுக்கு மாறிவிட்டது என்றார்கள். பிரயாக்ராஜில் உள்ள பாதுகாப்புக் கணக்குத் துறையின் ஓய்வூதியத் தலைமை அலுவலகம் நேரடியாக வழங்கும் முறை அது. மாறிய தகவலும் கடவுச்சொல்லும் பதிவான கைப்பேசி எண்ணுக்குத்தான் போகும். அந்த எண்தான் உயிரோடு இல்லையே. வீட்டுக்கு வந்த கடிதம் ஒன்றைப் பிரிக்காமலே மற்றக் காகிதங்களோடு வைத்திருந்தார்கள்.

இந்த மாதங்களில் சிங்கப்பூர் வீட்டில் நடந்ததை மகள் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். கையில் ஒட்டுத் தோல் உள்ளவர்களுக்கு அது வறண்டு வெடிக்காமல் இருக்க நாள்தோறும் களிம்பு வேண்டும். விரல் இறுகாமலிருக்கப் பிசியோதெரபி வேண்டும். அவர் தங்கியிருக்கும் அனுமதிக்கு அங்கே மருத்துவ மானியம் கிடையாது. முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டமான ஈசிஎச்எஸ் அட்டை இருந்தாலும் அதைக் கொண்டு சிங்கப்பூரில் சிகிச்சை பெற முடியாது. பணம் நின்றது தெரிந்த நாளிலிருந்து அவர் பிசியோதெரபிக்குப் போவதை நிறுத்திவிட்டார். "வலி இல்லம்மா, இப்ப தேவையில்ல" என்று சொல்லியிருக்கிறார். களிம்பையும் ஒன்றுவிட்டு ஒருநாள் பூசத் தொடங்கினார். மகளும் மருமகனும் கணக்குப் பார்க்கிறவர்கள் அல்ல. அது அவருக்கும் தெரியும். ஆனாலும் இருபது வருடத்துக்கு மேலாகத் தன் செலவைத் தன் பணத்தில் செய்து பழகியவர். பேரனுக்கு ஒரு பேனா வாங்கிக் கொடுப்பதுகூடத் தன் காசாக இருக்க வேண்டும் என்பவர்.

மாதத்தொகை என்று நாம் எழுதுகிறோம். பிள்ளைகள் வீட்டில் வாழும் ஒரு ஊனமுற்ற பெரியவருக்கு அந்தப் பணம் அவர் நிமிர்ந்து உட்காரும் இடம். இந்த நிகழ்வில் நான் பார்த்தவற்றில் மிக முக்கியமானது இதுதான். ஆவணச் சிக்கல் என்று ஒதுக்கிவிடக் கூடாது.

ஒரு கட்டத்தில் டிக்கெட் போட்டு ஊருக்கே திரும்பிவிடுகிறேன் என்று கிளம்பத் தயாரானார். அப்போதுதான் தம்பி என்னிடம் வந்தார்.

காரணத்தைப் பிரித்தறிந்தது

குடும்பம் மூன்று காரணங்களைச் சொன்னது. வெளிநாட்டில் இருப்பது தெரிந்து நிறுத்திவிட்டார்கள். ஊனத்தை மறுபடி சோதிக்கக் கூப்பிட்டுப் போகாததால் நிறுத்திவிட்டார்கள். உயிர்வாழ் சான்று போகவில்லை. மூன்றையும் ஒன்றாகக் குழப்பி எல்லா அலுவலகங்களுக்கும் மனுப் போடுவதுதான் வழக்கமாக நடப்பது. மனுவுக்குப் பதில் வரும், பணம் வராது. அதனால் முதலில் காரணத்தை உறுதிசெய்வது என்று முடிவெடுத்தோம்.

டிரங்குப் பெட்டியிலிருந்த காகிதங்களைத் தம்பி படமெடுத்து அனுப்பினார். ஊனம் நிரந்தரம் என்பது அதிலேயே தெளிவாக இருந்தது. 2001இல் வந்த பாதுகாப்பு அமைச்சக ஆணைக்குப்பின், நிரந்தர ஊனத்துக்கு அவ்வப்போது மறுசோதனை வைக்கும் பழைய வழக்கமே இல்லை. பாதிக்கப்பட்டவர் தானாகக் கேட்டால்தான் மறுமதிப்பீடு. ஆகவே இரண்டாவது காரணம் விழுந்தது. வெளிநாட்டில் மகளோடு வசிப்பது ஓய்வூதியத்துக்குத் தடை என்று எங்குமே இல்லை. வெளிநாடுவாழ் ஓய்வூதியர் அங்குள்ள இந்தியத் தூதரக அதிகாரியிடம் சான்று பெற்று அனுப்பலாம் என்றே நடைமுறை இருக்கிறது. முதல் காரணமும் விழுந்தது. 2021 நவம்பருக்குப் பின் உயிர்வாழ் சான்று போகவில்லை என்பதுதான் மிஞ்சியது.

இது ரத்து அல்ல, நிறுத்திவைப்பு. சான்று சேர்ந்தால் நின்ற மாதங்களுக்கும் நிலுவையாக வந்துவிடும். இதைக் கேட்ட பிறகுதான் அவர் டிக்கெட் பேச்சை விட்டார்.

எடுத்த முடிவுகள், அவற்றின் காரணங்கள்

முதல் முடிவு ஒன்றைச் செய்யாமல் விடுவது. ஊரில் ஒருவர், "அண்ணன் ஊர்லதான் இருக்காருன்னு ஒரு ஆபீசர்கிட்ட கையெழுத்து வாங்கிடலாம், ரெண்டு நாள்ல முடிஞ்சிடும்" என்று தம்பியிடம் சொல்லியிருந்தார். கூடவே கூடாது என்றேன். கடவுச்சீட்டில் குடியேற்ற முத்திரை இருக்கிறது. ஒருநாள் இரண்டையும் ஒப்பிட்டால், சட்டப்படி வர வேண்டிய பணமே பொய்ச் சான்றால் வந்ததாகிவிடும். கையெழுத்துப் போட்டவரின் வேலையும் போகும். நேர் வழி திறந்திருக்கும்போது எதற்கு இது?

இதற்கிடையே மகள் தானே ஒரு முயற்சி செய்திருந்தார். டிஜிட்டல் உயிர்வாழ் சான்று தரும் ஜீவன் பிரமாண் முறையில் முகத்தை ஸ்கேன் செய்து சான்று எடுக்கும் வசதி 2021 நவம்பரில் வந்தது. விரல்ரேகை இல்லாதவர்களுக்கு அது உண்மையிலேயே பெரிய உதவி. மகள் கைப்பேசியில் செயலியை இறக்கி, அப்பா முகத்தைக் காட்டிச் சான்றும் எடுத்துவிட்டார். ஆனால் பணம் வழங்கும் நிறுவனம் எது என்ற இடத்தில் பழைய வங்கியின் பெயரைத் தேர்ந்தெடுத்திருந்தார். பிபிஓ எண்ணும் பழையது. சான்று வங்கிக்குப் போய் அங்கேயே நின்றுவிட்டது. ஸ்பர்ஷில் இருப்பவர்கள் அந்த இடத்தில் ஸ்பர்ஷ், பிரயாக்ராஜ் என்பதைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் (பட்டியலில் அலகாபாத் என்று பழைய பெயரிலும் இருக்கும்). ஸ்பர்ஷ் தந்த புதிய பிபிஓ எண்ணைத்தான் போட வேண்டும். இந்த இரண்டு இடங்களில் தவறி, சான்று கொடுத்தும் பணம் வராமல் தவிப்பவர்களை ஒவ்வொரு ஆண்டும் பார்க்கிறேன்.

புதிய எண் அந்தப் பிரிக்காத கடிதத்தில் இருந்தது. ஆனாலும் அந்த ஆண்டுக்குக் காகிதச் சான்றே போகட்டும் என்று முடிவு செய்தோம். ஸ்பர்ஷ் கணக்கிலுள்ள கைப்பேசி எண்ணையும் மாற்ற வேண்டியிருந்தது. எப்படியும் கையெழுத்திட்ட விண்ணப்பம் ஒன்று போயாக வேண்டும். இரண்டும் ஒரே உறையில் போனால் கோப்பைப் பார்ப்பவருக்கு முழுக் கதையும் புரியும்.

சிங்கப்பூர் கிரேஞ்ச் ரோட்டில் உள்ள இந்தியத் தூதரகத்துக்கு மகள் அப்பாவை அழைத்துப் போனார். அங்கே எதிர்பாராத ஒரு தடை. பிபிஓவில் அவர் பெயர் நம் வழக்கப்படி ஓர் எழுத்து இனிஷியலோடு இருக்கிறது. கடவுச்சீட்டில் அந்த இனிஷியல் விரிந்து, தந்தையின் பெயர் முழுதாகக் குடும்பப் பெயராக நிற்கிறது. ஆதாரில் இன்னொரு விதம். மூன்று ஆவணத்தில் மூன்று மனிதர்போல. தமிழ்நாட்டுக்காரர்களுக்கு இது வெளிநாட்டில் அடிக்கடி வரும் சிக்கல். டிஸ்சார்ஜ் புத்தகத்தில் தந்தையின் முழுப் பெயரும் உடல் அடையாளங்களும் பதிவாகியிருந்தன. அதன் நகலையும், மூன்று பெயரும் ஒரே ஆளைக் குறிக்கும் என்ற உறுதிமொழியையும் வைத்துக் கொடுத்தபோது ஏற்றுக்கொண்டார்கள். சான்றில் பெயர் பிபிஓவில் உள்ளபடியே எழுதப்பட்டது. கடவுச்சீட்டு எண் அதன்கீழே குறிக்கப்பட்டது. கைநாட்டு வைக்க முடியாதவர் என்பதால், இடது கையின் இரண்டு விரலுக்கிடையே பேனாவைப் பிடித்து அவர் போடும் கையெழுத்தை அதிகாரியின் முன்னிலையிலேயே போட்டார்.

சான்று, எண் மாற்ற விண்ணப்பம், பிபிஓ, டிஸ்சார்ஜ் புத்தக நகல், ரத்து செய்த காசோலை எல்லாம் தஞ்சாவூரில் உள்ள முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தின் முகப்புக் கடிதத்தோடு பிரயாக்ராஜுக்குப் போயின. மாவட்ட நல அலுவலகம் வழியாகப் போவது கட்டாயமில்லை. ஆனால் இப்படி பெயர்க் குழப்பமும் எண் குழப்பமும் சேர்ந்த கோப்புக்கு, ஆளை விசாரித்து அறிந்த ஓர் அலுவலகத்தின் கடிதம் பலம் சேர்க்கும்.

நல்லவேளையாக அவருடைய சொந்த இந்திய எண் ஒன்று உயிரோடு இருந்தது. சிங்கப்பூர் போனபின் மகள் மறக்காமல் ரீசார்ஜ் செய்து வந்தார். 90 நாள் பயன்படுத்தாமல் கிடந்தால் முன்கட்டண எண்ணை நிறுவனம் முடக்கிவிடலாம். அந்த எண்ணை ஸ்பர்ஷில் பதியக் கேட்டோம்.

வங்கிக் கணக்கு

குடும்பம் அதிகம் தயங்கியது இதில்தான். காலவரையின்றி வெளிநாட்டில் வசிக்கப் போனவர், அந்நியச் செலாவணிச் சட்டப்படி தன் சாதாரண சேமிப்புக் கணக்கை, வெளிநாட்டில் வசிப்பவருக்கான என்ஆர்ஓ கணக்காக மாற்றியாக வேண்டும். தம்பி கேட்டார்: "சார், அப்படி மாத்தினா வரி புடிச்சுடுவாங்களே?"

என்ஆர்ஓ கணக்கில் கிடக்கும் பணத்துக்கு வரும் வட்டியில் 30 சதவீதமும் கூடுதல் தீர்வையும் பிடிப்பார்கள். அது உண்மை. ஓய்வூதியத்தின் கதை வேறு. மத்திய நேரடி வரிகள் வாரியம் 2019 ஜூன் 24ஆம் தேதி வெளியிட்ட 13/2019 எண் சுற்றறிக்கைப்படி, ஊனத்தால் பணியிலிருந்து அனுப்பப்பட்ட படைவீரரின் ஊன ஓய்வூதியத்துக்கு, பணிக்கூறு ஊனக்கூறு இரண்டுக்குமே, வருமான வரி இல்லை. முழுப் பணிக்காலம் முடித்து ஓய்வு பெற்றவரின் ஊனக்கூறுக்கு அந்தச் சலுகை இல்லை என்றும் அதே சுற்றறிக்கை சொல்கிறது. இவர் முதல் வகை. அனுப்பப்பட்ட காரணம் டிஸ்சார்ஜ் புத்தகத்தில் எழுதியிருக்கிறது.

கணக்கை மாற்றினார்கள். தம்பிக்கு உள்ளூர்ச் செலவுகளுக்கு மட்டும் பவர் எழுதிக் கொடுக்கப்பட்டது. அது தூதரகத்திலேயே சான்றளிக்கப்பட்டது. ஏடிஎம் அட்டை அண்ணன் கைக்குப் போயிற்று. தம்பி மேல் சந்தேகம் எதுவும் இல்லை. ஆனால் ஊரில் இல்லாதவரின் அட்டையை இன்னொருவர் இயக்குவது நாளை இருவருக்குமே வம்பாகலாம். தம்பி முதலில் சற்று வருத்தப்பட்டார். அண்ணனே போனில் விளக்கிச் சொன்னதும் சரி என்று ஒப்புக்கொண்டார்.

ஓய்வூதியம் நடப்பு வருமானம் என்பதால் அதைச் சிங்கப்பூருக்கு அனுப்பத் தடையில்லை. வங்கி கேட்கும் வருமான வரிப் படிவங்களைக் கொடுத்தால் போதும்.

தொடர்ந்தவை

2023 நடுவில் ஸ்பர்ஷில் எண் மாறியது. உள்ளே நுழைந்து பார்த்தபோது ஊன சதவீதம் 75 என்றும், மனைவி உயிரோடிருப்பதாகவும் பதிவு காட்டியது. மனைவியின் இறப்புச் சான்றைப் பதிவேற்றினார்கள். சிறிது நாளில் ஓய்வூதியமும் நின்ற மாதங்களின் நிலுவையும் சேர்ந்து வந்தன. நிலுவையிலிருந்து அவர் முதலில் செய்தது பிசியோதெரபிக்கு முன்பணம் கட்டியது. இடைவெளியில் வலது கைச் சுட்டுவிரல் முன்பைவிட இறுகிவிட்டது. அது முழுதாகத் திரும்பவில்லை.

அதே ஆண்டு நவம்பரில் முக ஸ்கேன் வழியாகவே சான்று போயிற்று. இந்த முறை நிறுவனத்தின் பெயரும் புதிய பிபிஓ எண்ணும் சரியாகப் போடப்பட்டன. ஓடிபி அவர் எண்ணுக்கே வந்தது. சான்று ஏற்கப்பட்டதை ஸ்பர்ஷில் போய்ப் பார்த்து உறுதிசெய்த பிறகுதான் மகள் அதை விட்டார்.

2024 தைப்பொங்கலுக்கு ஊர் வந்தபோது ஆதார் மையத்தில் கருவிழிப் பதிவைப் புதுப்பித்தார். தஞ்சாவூர் ஈசிஎச்எஸ் மையத்தில் முழுப் பரிசோதனையும் செய்துகொண்டார்.

மாற்ற வேண்டியவை

இந்த வேலைகளில் பெரும்பாலானவை ஊரிலேயே, விமானம் ஏறும் முன், சில வாரங்களில் முடிந்திருக்கும். இப்போது வெளிநாடு கிளம்பும் ஓய்வூதியர் யார் வந்தாலும் முதலில் கைப்பேசி எண்ணைத்தான் கேட்கிறேன். ஸ்பர்ஷ், வங்கி, ஆதார் மூன்றிலும் அவர் பேரிலுள்ள ஒரே எண் இருக்க வேண்டும். ரோமிங் வசதியைப் புறப்படும் முன்பே இயக்கி வைக்க வேண்டும். ஆதாரில் எண் மாற்றுவதைப் பிறகு பார்க்கலாம் என்று விடக் கூடாது.

ரேகை பதியாதவர்கள் முக ஸ்கேன் முறையை ஊரில் ஒருமுறை வெற்றிகரமாகச் செய்துபார்த்துவிட்டுப் போக வேண்டும். கை ஊனம் உள்ளவர்களுக்கு இது மிக முக்கியம். கூட வசிக்கப்போகும் மகளோ மகனோ அதை உடனிருந்து கற்றுக்கொண்டால் இன்னும் நல்லது. டிஸ்சார்ஜ் புத்தகமும் மருத்துவக் குழு அறிக்கையும் பெட்டியில் தூங்கக் கூடாது. மூலம் ஊரில் பத்திரமாக இருக்கட்டும், சான்றளித்த நகல் கையோடு போகட்டும். வங்கியிடம் உண்மையைச் சொல்லிக் கணக்கை மாற்றிக்கொள்வதில் பயப்பட எதுவும் இல்லை. துணைவர் இறந்திருந்தால் அதையும் அப்போதே பதிந்துவிட வேண்டும்.

ஓய்வூதியருக்கு ஒன்று ஆகிவிட்டால் உடனே பிரயாக்ராஜுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பதையும், அதன்பின் வரவான தொகை திருப்பிச் செலுத்த வேண்டியது என்பதையும் பிள்ளைகளிடம் வெளிப்படையாகப் பேசிவிடுவது நல்லது. பேசச் சங்கடமான விஷயம்தான். இவரே மகளை உட்காரவைத்து அதைச் சொன்னார்.

பெயர் திருத்தம் மட்டும் இன்னும் முடியவில்லை. கடவுச்சீட்டில் உள்ளபடி ஓய்வூதியப் பதிவில் இனிஷியலை விரித்து எழுதக் கேட்ட விண்ணப்பம் படைப்பிரிவின் ஆவண அலுவலகத்தில் இருக்கிறது. அது வரும்வரை, தூதரகத்தில் எந்தச் சான்று வாங்கப் போனாலும் அந்த உறுதிமொழியின் நகலையும் மகள் சேர்த்தே எடுத்துப் போகிறார்.